சேர்ந்தால் கெடுபவை

மருந்தைப் பற்றித் தமிழாசிரியர்க்கு என்ன பேச்சு என்று கேட்கும் நண்பர்கள் இங்கே உண்டு. கேள்வி நியாயமானதே. நாம் கற்றது சங்கமும் இலக்கணமும். வேதியியலோடு நமக்கிருந்த உறவு மேனிலைப் பள்ளியோடு முடிந்துபோயிற்று. ஆயினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு சொல். அச்சொல் நம் துறையைச் சேர்ந்தது. அதனால் விளையும் கேடோ மருத்துவமனை வார்டைச் சேர்ந்தது.

சில திங்களுக்கு முன், செவிலியர் பயிற்சிக்கென உருவாகி வந்த தமிழ்க் கையேடு ஒன்றின் மொழிநடையைப் பார்த்துத் தருமாறு கேட்டிருந்தனர். ஜென்டாமைசினுக்கும் பென்சிலின் வகை மருந்துகளுக்கும் 'ஒவ்வாமை' உண்டு, ஆதலின் ஒரே குப்பியில் கலத்தல் ஆகாது என்று அதில் ஒரு வரி இருந்தது. இலக்கணத்தில் குறை சொல்ல முடியாத வரி. பொருளிலோ, படிப்பவரை முற்றிலும் வேறிடத்துக்கு இட்டுச்செல்லும் வரி.

ஒவ்வாமை என்னும் சொல் இன்றைய தமிழில் ஒரே பொருளில் நிலைத்துவிட்டது. ஒருவருடைய உடல் ஒரு பொருளை ஏற்க மறுத்துத் தடிப்பதும் அரிப்பதும் மூச்சுத் திணறுவதுமே ஒவ்வாமை. பென்சிலின் ஊசிக்கு முன் முன்கையில் சிறிதளவு ஏற்றிச் சோதித்துப் பார்ப்பது அதற்காகவே. அவ்வாறாயின் அந்த வரியைப் படிக்கும் மாணவி என்ன செய்வாள்? நோயாளியின் கையில் சோதனை ஊசி போட்டுப் பார்ப்பாள். தடிப்பு எழாது. ஒவ்வாமை இல்லை என்று குறித்துக்கொண்டு, இரண்டு மருந்தையும் ஒரே பாட்டிலில் ஏற்றிவிடுவாள். எதைத் தடுக்க அவ்வரி எழுதப்பட்டதோ அதையே அவ்வரி செய்வித்துவிடும். அங்கே ஒவ்வாமையை அடித்துவிட்டு வேறு சொல் எழுதப் புகுந்தபோதுதான், நம்மிடம் ஆயத்தமாக ஒரு சொல் இல்லை என்பது புலனாயிற்று.

ஆன்ட்டிபயாடிக் என்று ஊரே வழங்கும் மருந்தை நுண்ணுயிர்க்கொல்லி என்பாரும் உளர்; எதிருயிரி என்பாரும் உளர். சுருக்கம் கருதி நாம் எதிருயிரி என்போம். இரண்டு எதிருயிரிகளை ஒருவருக்குச் சேர்த்துக் கொடுக்கும்போது மூவகைப் பிணக்குகள் நேரக்கூடும். அவற்றுள் முதலாவது மேலே சொன்ன ஒவ்வாமை. அது உடலுக்கும் மருந்துக்கும் இடையிலானது. மற்ற இரண்டும் மருந்துக்கும் மருந்துக்கும் இடையிலானவை. ஆனால் அவை ஒன்றல்ல. அவற்றை ஒன்றாக்கிப் பேசுவதே குழப்பத்தின் வேர்.

ஒரு மருந்தின் வேலையை இன்னொரு மருந்து கிருமியினிடத்தே தடுப்பது இரண்டாம் வகை. இதற்கு மருத்துவ வரலாற்றில் ஓர் அழியாத சான்று உண்டு. 1951-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான லெப்பரும் டௌலிங்கும், நிமோகாக்கஸ் கிருமியால் மூளையுறை அழற்சி கண்ட நோயாளிகளைப் பற்றி ஒரு கணக்கை வெளியிட்டனர். பென்சிலின் மட்டும் பெற்ற 43 பேரில் இறந்தோர் 30 விழுக்காடு. பென்சிலினோடு அக்காலத்தில் புதிதாய் வந்திருந்த ஆரியோமைசினையும் சேர்த்துப் பெற்ற 14 பேரில் இறந்தோர் 79 விழுக்காடு. வலிய மருந்தோடு இன்னொரு வலிய மருந்தைக் கூட்டியதற்குக் கிடைத்த பயன் அது. காரணம் எளிது. பென்சிலின், வளர்ந்து பெருகும் கிருமியையே கொல்லும்; கிருமி தன் சுவரைக் கட்டும் நேரத்தில்தான் அந்தக் கட்டுமானத்தைக் குலைக்கும். ஆரியோமைசினோ கிருமியின் வளர்ச்சியை நிறுத்திவைப்பது. கட்டுமானமே நின்றுபோன இடத்தில் குலைப்பதற்கு என்ன இருக்கிறது? இங்கே இரண்டு மருந்தும் கெடவில்லை. இரண்டும் தத்தம் வேலையைச் செம்மையாகச் செய்தன. ஒன்றன் வேலை மற்றதன் வேலைக்கு இடமில்லாமற் செய்துவிட்டது. இதனை 'முரண்' என்று வழங்குவதில் நமக்கு மறுப்பில்லை.

மூன்றாம் வகைக்கு உடலும் வேண்டா, கிருமியும் வேண்டா. ஒரு கண்ணாடிக் குப்பி போதும். இரு மருந்துகளின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, இரண்டும் அல்லாத வேறொரு பொருளாகிவிடும். நோயாளியின் சிரையைச் சென்றடையும்போது மருந்தின் பெயர் மட்டும் பாட்டிலின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். மருந்து குறைந்திருக்கும், அல்லது இராது.

இதற்கு ஜென்டாமைசின்–கார்பெனிசிலின் இணையைக் காட்டிலும் தெளிந்த எடுத்துக்காட்டு நாம் அறிந்தவரையில் இல்லை. 1963-இல் அறிவிக்கப்பட்ட ஜென்டாமைசினும், 1960-களின் பிற்பகுதியில் வழக்குக்கு வந்த கார்பெனிசிலினும் சூடோமோனாஸ் என்னும் பொல்லாத கிருமியை எதிர்க்கப் படைக்கலங்களாகக் கிடைத்தன. தீக்காயம் பட்டோரையும் புற்றுநோயால் எதிர்ப்பாற்றல் குன்றியோரையும் தேடிப் பிடிக்கும் கிருமி அது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது அறிவுடைமையாகவே கருதப்பட்டது. இன்றும் அக்கருத்தின் அடிப்படை பிழையன்று. பென்சிலின் இனத்து மருந்து கிருமியின் சுவரைச் சிதைக்க, அந்தச் சிதைவின் வழியே ஜென்டாமைசின் எளிதில் உள்ளே புகுந்து, கிருமி புரதம் கட்டும் உறுப்பைத் தாக்கும். ஒன்று மதிலை உடைக்க மற்றது அரண்மனைக்குள் நுழைவது போன்ற ஏற்பாடு.

அத்தகைய நண்பர்களை ஒரே பாட்டிலில் இட்டால் என்ன ஆகும்? 1971-இல் லான்செட் இதழில் மெக்லாக்லின், ரீவ்ஸ் ஆகிய இருவர், கார்பெனிசிலின் ஜென்டாமைசினைச் செயலிழக்கச் செய்கிறது என்பதற்கு ஆய்வகச் சான்றையும் நோயாளியினிடத்துச் சான்றையும் சேர்த்து வெளியிட்டனர். அதே ஆண்டில் நூன், பேட்டிசன் ஆகியோரும் பென்சிலின்களோடு ஜென்டாமைசின் கொள்ளும் இவ்வினையைப் பற்றி அதே இதழில் எழுதினர். அதன்பின் வந்த பத்தாண்டுகளில் இதன் அளவும் வேகமும் நன்கு அளக்கப்பட்டுவிட்டன. கலந்திருக்கும் நேரம் கூடக் கூட இழப்பு கூடும். வெப்பம் கூடினால் கூடும். பென்சிலினின் செறிவு கூடினாலும் கூடும். ஆக, அரைநூற்றாண்டுக்கு முன்பே வெட்டவெளிச்சமாகிவிட்ட செய்தி இது.

இனி இவ்வினையின் உட்பொருளைச் சற்று விரித்துரைக்க வேண்டும். நம்மை ஈர்த்ததும் இப்பகுதியே. பென்சிலினின் நடுவே ஒரு சிறு வளையம் இருக்கிறது: மூன்று கரி அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்த நாற்கோணம். பீட்டா-லாக்டம் வளையம் என்பர். 1945-இல் டோரத்தி ஹாட்ஜ்கின் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அதன் அமைப்பை உறுதிசெய்யும்வரை, இத்தகைய வளையம் இயற்கையில் நிலைத்திருக்குமா என்று ஐயுற்ற வேதியியலறிஞர் பலர். அவர்களின் ஐயத்துக்குக் காரணம் உண்டு. விரிந்து நிற்க வேண்டிய பிணைப்புகள் அங்கே ஏறத்தாழ செங்கோணமாக மடக்கப்பட்டிருக்கின்றன. வளைத்துக் கட்டிய மூங்கில் போல, தொட்டால் விடுபட்டு நிமிரக் காத்திருக்கும் வளையம் அது. கிருமியின் சுவர் கட்டும் நொதி அதனைத் தீண்டும்போது வளையம் திறந்து நொதியையே இறுகப் பற்றிக்கொள்கிறது. நொதி முடங்குகிறது, கிருமி மடிகிறது. பென்சிலினின் ஆற்றல் முழுவதும் அந்த வளையத்தின் உடையும் தன்மையில்தான் இருக்கிறது.

ஆனால் அவ்வளையத்துக்கு நொதி எது, தோழன் எது என்று தெரியாது. ஜென்டாமைசின் மூலக்கூறில் அமினோ தொகுதிகள் பல நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றிலுள்ள நைட்ரஜன் வளையத்தைத் தாக்க, வளையம் திறந்து ஜென்டாமைசினோடு பிணைந்துவிடுகிறது. பிணைந்தபின் பென்சிலின் பென்சிலின் அன்று. ஜென்டாமைசினும் ஜென்டாமைசின் அன்று. எந்தப் பண்பு நோயைத் தீர்க்கிறதோ அந்தப் பண்பே துணைமருந்தையும் அழிக்கிறது. பென்சிலினில் குறை இருந்து, அதனைக் களைந்துவிட்டால் சரியாகிவிடும் என்று கொள்வதற்கில்லை. களைந்தால் மருந்தும் போய்விடும்.

இவ்வழிவில் இழப்பு இருவர்க்கும் ஒத்ததன்று என்பதும் கருதத்தக்கது. கார்பெனிசிலினை ஒரு நாளைக்கு 30 கிராம் வரையிலும் கொடுத்தனர். ஏறத்தாழ 60 கிலோ எடையுள்ளவர்க்கு ஜென்டாமைசின் நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் அளவே. மூலக்கூறுகளை எண்ணிப் பார்த்தால், ஒரு ஜென்டாமைசினுக்கு எதிரே நூற்றுக்கு மேற்பட்ட கார்பெனிசிலின்கள் நிற்கும். ஜென்டாமைசின் முழுதும் அழிந்தாலும் கார்பெனிசிலினில் குறைந்தது கணக்கில் வாராது. பெருஞ்செல்வன் ஒருவனும் அன்றாடங்காய்ச்சி ஒருவனும் ஆளுக்கு நூறு ரூபாய் இழந்தது போலத்தான்.

எல்லா மருந்தும் ஒரே அளவில் இவ்வழிவுக்கு ஆட்படுவதில்லை. அதே இனத்தைச் சேர்ந்த டோப்ராமைசின் எளிதில் கெடும். 1972-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்த அமிகாசின், கனாமைசினின் ஓர் அமினோ தொகுதியின்மேல் பக்கக்கிளை ஒன்றை ஒட்டி உருவாக்கியது. அது பெரிதும் தாங்கி நிற்கும். கார்பெனிசிலின் ஊசி இன்று வழக்கொழிந்துவிட்டது. அதன் இடத்தில் பைப்பெராசிலின் இருக்கிறது. பைப்பெராசிலின்–டாசோபாக்டம் கூட்டின் சீர்திருத்திய வடிவம் ஒன்றை ஜென்டாமைசினோடும் அமிகாசினோடும், குறிப்பிட்ட வரம்புகளுக்கு உட்பட்டு, ஒரே குழாயின் கிளைவழியாகச் செலுத்த அமெரிக்காவில் இசைவளித்தனர். டோப்ராமைசினுக்கு அந்த இசைவு இல்லை. 'இந்த இன மருந்துகள் எல்லாம் இப்படித்தான்' என்று ஒரே சூத்திரத்தில் அடக்கிவிட முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இலக்கணம் பயிற்றுவோர்க்கு இங்கே புணர்ச்சி விதிகள் நினைவுக்கு வராமற் போகா. மரம் என்பதும் வேர் என்பதும் சேர்ந்தால் மரவேர். இடையில் நின்ற மகரம் கெட்டது. கெட்டதைக் கண் காண்கிறது, செவி கேட்கிறது. தேர்வில் பிரித்தெழுதச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போனதை மீட்டுத் தருகிறது. குப்பியில் நிகழும் கெடுதலுக்கு அத்தகைய அடையாளம் ஏதுமில்லை. வான்கோமைசினையும் சில பீட்டா-லாக்டம் மருந்துகளையும் கலந்தால் வெண்மையாய்த் திரிந்து காட்டிக்கொடுக்கும். குழாயில் கலங்கல் கண்டதும் செவிலியர் நிறுத்திவிடுவார். ஜென்டாமைசினும் பென்சிலினும் கலந்த நீரோ தெளிந்த நீராகவே இருக்கும். நிறம் மாறாது, நுரைக்காது, படியாது. நோயாளிக்குக் காய்ச்சல் இறங்காதபோது, கிருமிக்கு மருந்தெதிர்ப்பு வந்துவிட்டது என்று பழி கிருமியின்மேல் விழும். அடுத்து இன்னும் விலையுயர்ந்த, இன்னும் கடுமையான மருந்து எழுதப்படும்.

இதைவிடக் கொடிய ஒரு வழியும் உண்டு. ஜென்டாமைசின் அளவு மிகுந்தால் சிறுநீரகத்தையும் உட்செவியையும் தாக்கும். செவியில் நேர்ந்த இழப்பு பெரும்பாலும் மீள்வதில்லை. ஆகவே இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்து, அதற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பார்கள். பென்சிலின் இனத்து மருந்தும் பெற்றுவரும் ஒருவரிடம் எடுத்த இரத்தம் ஆய்வகத்தின் மேசையில் சில மணி நேரம் கிடக்கிறது என்று கொள்வோம். சோதனைக் குழாய்க்குள்ளும் அந்த வளையம் தன் வேலையைத் தொடர்கிறது. உடலில் உள்ளதினும் குறைவாக ஜென்டாமைசின் இருப்பதாக முடிவு வரும். மருத்துவர் அளவைக் கூட்டுவார். எண்ணை நம்பிச் செயல்பட்ட மருத்துவர்மேல் குற்றமில்லை. நோயாளியின் செவி போய்விடும். இதைத் தவிர்க்க ஆய்வகங்கள் மாதிரியை உடனே உறைய வைக்கும். அல்லது பென்சிலினைச் சிதைக்கும் நொதியை அதில் சேர்க்கும். எந்த நொதியைக் கொண்டு கிருமிகள் பென்சிலினை எதிர்க்கின்றனவோ அதே நொதி இங்கே ஜென்டாமைசினுக்குக் காவல் நிற்கிறது. பகைவனின் வாளை வாங்கித் தோழனைக் காக்கும் இந்த விந்தையை எண்ணி எண்ணி வியந்தோம்.

இந்த மூன்றாம் பிணக்குக்கு என்ன பெயரிடுவது? 'ஒத்திசையாமை' என்று அகராதி பார்த்துச் சொல்வோர் உண்டு. கணினி நிரல்களுக்கு அச்சொல் பொருந்தலாம். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் மனத்தில் அது எச்சரிக்கையாய் ஒலிக்காது. நம் சித்த மருத்துவ மரபில் சரக்குகளைச் சத்துரு என்றும் மித்துரு என்றும் பகுத்து வைத்திருக்கிறார்கள். எந்தச் சரக்கு எதற்குப் பகை, எது எதற்கு நட்பு என்பது அங்கே ஒரு தனிப் பாடம். இதைச் சொல்வது, பீட்டா-லாக்டம் வளையத்தை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவதற்காக அன்று. அப்படி ஒரு கூற்று எழுமானால் அதை முதலில் மறுப்பவர் நாமாகவே இருப்போம். சொல்ல வந்தது வேறு. மருந்துக்கும் மருந்துக்கும் இடையே பகை இருக்கக்கூடும் என்னும் கருத்துக்கு நம் மொழியில் ஏற்கெனவே இருக்கை போடப்பட்டிருக்கிறது. 'பகைமருந்து' என்று எழுதினால் எந்தச் செவிலியர்க்கும் விளக்கவுரை வேண்டா. ஜென்டாமைசினும் பென்சிலினும் குப்பியில் பகைமருந்துகள். உடலில் ஒருவருக்கு ஒவ்வாமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை பகைமருந்துகளே. கையேட்டில் அவ்வாறே எழுதி அனுப்பினோம்.

மருத்துவ நண்பர் ஒருவரிடம் இதைப் பேசியபோது, இவையெல்லாம் மருந்தியல் பாடநூலில் உள்ளவைதாம், புதிதாக என்ன என்றார். உள்ளவைதாம். அவர் மேலும் சொன்னது நினைவிற் கொள்ளத்தக்கது: சிறுநீரகம் நலமாக உள்ளவர்க்கு இரண்டையும் தனித்தனியே ஏற்றினால், உடலுக்குள் அவை ஒன்றையொன்று கெடுக்கும் அளவு பொருட்படுத்தத் தக்கதன்று, கெடுப்பதற்கு முன்பே சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடலில் மருந்துகள் நீண்ட நேரம் தங்குவதால் அங்கேயும் இவ்வழிவு நிகழ்கிறது என்று 1976-இல் வந்த ஆய்வொன்று காட்டியது. ஆகவே அஞ்ச வேண்டியது இரண்டையும் ஒருவர்க்கே கொடுப்பதை அன்று. நோய்த்தொற்று கண்ட பச்சிளங் குழந்தைகளுக்கு ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் சேர்த்துத் தருவது உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கும் முறை. எத்தனையோ உயிர்களைக் காத்த முறை. அஞ்ச வேண்டியது ஒரே ஊசிக்குழலை, ஒரே பாட்டிலை, இடையில் சலைன் விட்டுக் கழுவாத ஒரே குழாயை.

எனினும் 'பாடநூலில் உள்ளது' என்னும் விடை நமக்கு நிறைவு தரவில்லை. யாருடைய பாடநூலில் உள்ளது? மருந்தை எழுதுபவர் மருத்துவர். கலப்பவர் அவர் அல்லர். திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடும் ஒப்ப உழைச்செல்வானையும் வைக்கிறது. அருகிருந்து மருந்தை ஆக்கித் தருபவன் அங்கே ஏவலாள் அல்லன். அவனும் மருத்துவத்தின் ஒரு கூறு. இன்றைய வார்டில் அந்த இடம் செவிலியருடையது. கலக்கும் கை அவருடையது. ஆனால் கலவாதே என்னும் எச்சரிக்கையோ மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்த மெல்லிய தாளில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. பெட்டியோடு அந்தத் தாளும் குப்பைக்கூடைக்குப் போகிறது. மருந்துகளின் பொருத்தம் பார்ப்பதற்கென்றே ஆறாண்டுகள் பயின்ற ஃபார்ம்-டி பட்டதாரிகள் நம் நாட்டில் உருவாகிறார்கள். அப்படிப்புக்கான விதிமுறைகள் 2008-இலேயே வந்துவிட்டன. நாம் உறவினர்க்குத் துணையாகச் சென்று இருந்த வார்டுகளில் அத்தகைய ஒருவரை ஒருமுறையேனும் கண்டதில்லை. நாற்பது படுக்கைக்கு இருவராக நின்று பணியாற்றும் செவிலியர், நேரத்தை மிச்சப்படுத்த இரண்டு ஊசியை ஒரே பாட்டிலில் போட்டால் அவரைக் கடிந்துகொள்வது எளிது. வார்டின் மருந்தறைச் சுவரில் பகைமருந்துகளின் பட்டியலைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுவது அதைவிட எளிது. ஒரு பக்கத்துக்கு மேல் ஆகாது.

சேர்க்கவே கூடாது என்றால் இத்தனை பேச்சு வேண்டியதில்லை. சேர்த்தே ஆக வேண்டிய இடமும் உண்டு, அங்கேயும் இந்தப் பகை உண்டு என்பதுதான் சிக்கல். காசநோயை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டபின் அதனைத் தனியே கொடுத்தபோது, நோயாளிகள் முதலில் தேறிப் பின் வீழ்ந்தனர். கிருமி அம்மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டது. பல மருந்துகளைக் கூட்டிக் கொடுப்பது ஒன்றே வழி என்பது அப்போது தெளிவாயிற்று. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளி விடுதியில் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே கூட்டுமருந்து உண்டு குணமடையலாம் என்று உலகுக்கு மெய்ப்பித்தது. சேத்துப்பட்டில் நடந்த அந்த ஆய்வைப் பற்றித் தமிழில் யாரேனும் ஒரு நல்ல நூல் எழுத வேண்டும். அது நிற்க.

இன்று காசநோய்க்கு முதன்மையானவை ரிஃபாம்பிசினும் ஐசோநியாசிடும். பைரசினமைடும் எதாம்பியூட்டாலும் உடன்வரும். நான்கையும் நான்கு மாத்திரையாகக் கொடுத்தால் நோயாளி தமக்கு வேண்டாததை ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் விழுங்கக்கூடும். ஆதலின் எல்லாவற்றையும் ஒரே மாத்திரையில் அடைத்துத் தருவது நன்று என்னும் முடிவு ஏற்பட்டது. இந்தியாவின் காசநோய்த் திட்டம் 2017-இல் நாடு முழுவதும் இத்தகைய கூட்டு மாத்திரையை நாள்தோறும் தரும் முறைக்கு மாறியது. முடிவு சரியானதே என்பது நம் கருத்து. ஆனால் ரிஃபாம்பிசின் இரைப்பையின் அமிலத்தில் சிதையும் இயல்புடையது. சிதைந்து உருவாகும் பொருளை ஐசோநியாசிடின் நைட்ரஜன் பற்றிக்கொள்ளும். ஐசோநியாசிட் உடன் இருந்தால் ரிஃபாம்பிசின் இன்னும் விரைவாகக் குறைகிறது என்பதை இந்திய மருந்தியல் ஆய்வகங்களே 1990-களின் இறுதியிலிருந்து விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளன. பென்சிலின் வளையத்தைத் தாக்கியதும் நைட்ரஜன், இங்கே பற்றுவதும் நைட்ரஜன். நாடகம் வேறு, நடிகர் ஒருவரே.

இதற்காகக் கூட்டு மாத்திரையே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரை உண்டுவரும் எவரும் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடலாகாது என்பதையும் அழுத்தமாகச் சொல்கிறோம். நன்கு செய்த கூட்டு மாத்திரையில் ரிஃபாம்பிசின் இரத்தத்தில் உரிய அளவு சேர்கிறது என்பது சோதித்து அறியப்பட்டதே. நன்கு செய்யாததில் சேராது. அதனாலேயே, ரிஃபாம்பிசின் உடலில் சேரும் அளவை மெய்ப்பித்த கூட்டு மாத்திரைகளை மட்டுமே பயன்படுத்துக என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுக் காசநோய்ச் சங்கமும் 1994-இல் கூட்டாக வலியுறுத்தின. இரு மருந்துகளையும் ஒரே மாத்திரைக்குள் தனித்தனி அடுக்காகப் பிரித்து வைக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. ஒரு வீட்டில் இரு குடித்தனம் வைப்பது போன்ற இந்த ஏற்பாடு மருந்தாக்கத்தின் நுண்கலை.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். 2016-இல் 344 கூட்டு மருந்துகளையும் 2018-இல் 328 கூட்டு மருந்துகளையும் நடுவண் அரசு தடைசெய்த செய்தியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தடைக்கு அடிப்படை பெரும்பாலும் அக்கூட்டுகளுக்கு மருத்துவ நியாயம் இல்லை என்பதே. குப்பிப் பகை அன்று. ஆனால் அத்தகைய மாத்திரைகள் நம் கடைகளில் அவ்வளவு பெருகியதற்கு அடியில் இருந்த மனப்பாங்கு ஒன்றே: ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லது. பெருங்காயத்தையும் கருவேப்பிலையையும் சேர்ப்பதுபோல் மருந்தைச் சேர்க்கும் மனப்பாங்கு.

வார்டில் செவிலியர் இருப்பதுபோல வீட்டிலும் ஓர் உழைச்செல்வான் இருக்கிறார். காசநோய் கண்ட தாய்க்கோ தந்தைக்கோ மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மகனும் மகளும் மருமகளுமே அவர்கள். ஒரு வாரத்து மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, திங்கள், செவ்வாய் என்று அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி வைத்துவிட்டு வேலைக்குச் செல்லும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். அன்பினால் செய்யும் வேலைதான். ஆனால் எதாம்பியூட்டால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய நான்மருந்து மாத்திரையில், இரைப்பைக்குள் நடக்க வேண்டாத அந்த வினை டப்பாவிலேயே தொடங்கிவிடும். மாத்திரை நிறம் மாறித் திட்டுத்திட்டாக வியர்க்கும். ஐப்பசி மழையில் சுவர் ஊறும் வீடுகளில் இது இன்னும் விரைவாக நடக்கும். உண்ணும் வேளைவரை மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்கற்க என்னும் ஒரு வரியைத் தமிழில் அச்சிட அந்த அட்டையின் பின்புறத்தில் இடம் இருக்கிறது.